சாமிக்குக் கொடுத்த கட்டைகள்

மூன்று வருஷமாக வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறேன். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. எழுபது தாண்டிய பிறகு தேயத்தான் செய்யும், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அலுப்பாக இருப்பது மற்றவர்களின் கைகள்தான். பஸ் ஸ்டாப்பில் நின்றால் முன்பின் தெரியாத ஒருவர் என் முழங்கையைப் பிடித்து இழுக்கிறார். பாங்கில் உட்கார்ந்தால் காவலாளி என் வாக்கரைத் தூக்கிக்கொண்டுபோய் எட்டாத சுவரோரத்தில் நிறுத்திவிட்டு, பெரிய உபகாரம் செய்தவர்போல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். வீட்டிலோ மருமகள். ராத்திரி யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறாள். “கட்டில் பக்கத்துலயே இருக்கட்டும்மா” என்று சொல்கிறேன். “சரி அத்தை” என்கிறாள். மறுநாளும் அது கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அவள் நல்ல பெண். அந்தக் காவலாளியும் நல்லவர்தான். கெட்டவர்களாக இருந்தால் ஒரு சத்தம் போடலாம். நல்லவர்களோடு மல்லுக்கட்டி ஜெயிக்க என்னிடம் தெம்பு இல்லை. காலையில் கட்டிலில் உட்கார்ந்து, கதவிடுக்கில் தெரிகிற வாக்கரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு என் அத்தையின் ஞாபகம் வரும். எட்டு வயதில் நான் அவளுக்குச் செய்த காரியமும் கூடவே வரும்.

எங்கள் ஊர் சாயல்குடிக்கும் மாரியூர்க் கடலுக்கும் நடுவில் இருந்தது. கடல் கண்ணுக்குத் தெரியாது. அதன் உப்பு மட்டும் காற்றில் வந்து எங்கள் சோற்றுப் பானைவரை சேர்ந்துவிடும். மழை பெய்தால் மிளகாய், பொய்த்தால் பனை என்று காலம் தள்ளுகிற ஊர். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அய்யா, அம்மா, நான், அத்தை என்று நான்கு பேர்.

அத்தை, அய்யாவின் ஒரே தங்கை. நான்கு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போனது. பெற்றவர்கள் சீக்கிரமே கண்ணை மூடிவிட்டதால் அய்யாதான் அவளை வளர்த்தார். கக்கத்தில் கொடுத்து ஊன்றி நடக்கிற கட்டைகள் இரண்டை ஊர் ஆசாரி அவளுக்குப் பூவரசு மரத்தில் இழைத்துக் கொடுத்திருந்தார். மணலில் புதையாமல் இருக்க, கட்டைகளின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டப் பலகை அடிக்கச் சொன்னது அத்தையின் சொந்த யோசனை. அந்தக் கட்டைகளோடு அவள் மணலில் போகிற வேகத்துக்கு நான் ஓடித்தான் ஈடுகொடுக்க வேண்டும். அப்படி நடந்து நடந்தே சாயல்குடிக்குப் போய் எட்டாம் வகுப்பு பாஸ் செய்தவள் அவள்.

ஆனால் அந்தக் கட்டைகள் வைத்தது வைத்த இடத்திலேயே இருந்து நான் பார்த்ததில்லை. வீடு கூட்டும்போது அம்மா அவற்றைத் தானியக் குதிருக்குப் பின்னால் சாத்திவிடுவாள். அய்யா வெயிலில் காய்ந்தால் மரம் இறுகும் என்று முற்றத்தில் கொண்டுபோய்ப் போடுவார். வருகிற விருந்தாளிகள் ஆளுக்கொரு தரம் கக்கத்தில் வைத்து நொண்டிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே எங்காவது வைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு அவை குதிரை, ஏணி, கொடுக்காப்புளி பறிக்கிற கோல். “என் கட்டைய யாரு எடுத்தது?” என்று அத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பாள். “அது எங்கயும் ஓடிப்போயிடாது. ஒனக்கு என்ன வேணும் சொல்லு, நான் எடுத்துத் தாரேன்” என்பாள் அம்மா. தனக்கு வேண்டியது கட்டைதான் என்று அத்தை சொன்னால், இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று அம்மா அடுப்பிடம் சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ராமநாதபுரத்திலிருந்து அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. டீச்சர் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து. வருகிற திங்கட்கிழமை இந்தக் கடிதத்தோடு நேரில் வர வேண்டும், பார்த்துப் பேசிச் சேர்த்துக்கொள்வதா இல்லையா என்று சொல்வார்கள் என்று எழுதியிருந்தது. அத்தை அதை எத்தனை தரம் படித்தாள் என்று கணக்கில்லை. படித்து முடித்து மாடக்குழியில் வைப்பாள், மறுபடி எடுப்பாள்.

கடிதம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் கொல்லையில் கொடுக்காப்புளி பறித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் ஒரு கட்டை எட்டவில்லை என்று இன்னொன்றையும் எடுத்துவந்து இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து அத்தை என்னைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. வாய் நிறையப் பழம். அடுத்த கூப்பாட்டுக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

உள்ளே நடந்தது இதுதான். எங்கள் வெள்ளாட்டுக்குட்டி வீட்டுக்குள் புகுந்து, முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, மாடக்குழியில் இருந்த கடிதத்தின் மூலையைக் கடித்துவிட்டது. கட்டைகளைக் காணவில்லை. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலால் தாவித் தாவி வந்திருக்கிறாள். நடுவில் வாசல்நிலை வந்தது. பிடிக்கச் சுவர் இல்லாத அந்த இரண்டு முழ இடத்தைக் கடிதத்தின்மேல் இருந்த ஆசையில் ஒரே மூச்சில் கடந்துவிட்டாள். சரியாக அந்த நேரத்தில் ஊரணியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு அம்மா வாசலில் வந்து நின்றாள்.

குடம் உடைந்த சத்தம் கேட்டுத்தான் நான் ஓடிவந்தேன். அம்மா ஈரத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தாள். “அய்யனாரப்பா! நடந்துட்டா! எம் புள்ள நடந்துட்டா!” என்று ஒரே அழுகை. அத்தை ஒரு கையில் கடிதத்தையும் மறு கையில் ஆட்டின் காதையும் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள்.

“மதினி, மொதல்ல ஆட்டப் புடிங்க” என்றாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், மண்குதிரை எடுத்த திருவிழாவில் அம்மா அய்யனாரிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். என் நாத்தனார் தன் காலால் நாலு எட்டு எடுத்து வைத்தால் அவளுடைய கட்டைகளை உன் காலடியில் கொண்டுவந்து போடுகிறேன் என்று. கட்டைக்குச் சொந்தக்காரியிடம் இதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்கு யாரிடம் கேட்பது?

“நான் எங்க மதினி நடந்தேன்? செவுத்தப் புடிச்சுல்ல வந்தேன்.”

“நான் பாக்கையில ஒங்கையி செவுத்துல இல்ல. சாமிதான் ஒன் கையப் புடிச்சிருந்துச்சு.”

சாயங்காலத்துக்குள் ஊரே திரண்டுவிட்டது. சாமி தொட்ட காலை எல்லோரும் தொட்டுப் பார்க்க வேண்டாமா? பெண்கள் அத்தையைச் சுற்றி உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை ஏற்றி, ஆடுசதையை அமுக்கிப் பார்த்தார்கள். சதை பிடித்திருக்கிறது என்றாள் ஒருத்தி. சூடு இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. அத்தை சேலையை இறக்கிவிட, வேறொருத்தி ஏற்றினாள். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து அவளைத் தூக்கி நிறுத்தி, “நட தாயி, இன்னொருக்க நட” என்றார்கள். கையை விட்டதும் அவள் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். கூச்சப்படுகிறாள் என்று முடிவு கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை நேர்த்தியைச் செலுத்த வேண்டும் என்றாள் அம்மா. திங்கட்கிழமை கழித்துச் செய்யலாமே என்று அத்தை கெஞ்சினாள். சாமியைக் காத்திருக்க வைத்தால் கொடுத்த காலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று அம்மா உண்மையிலேயே பயந்தாள். அத்தை அய்யாவிடம் போனாள். அய்யா பாவம், நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் மனசில்லாமல் தவித்தார்.

“ஒனக்கு என்ன கொறச்சல் ஆத்தா? நான் வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போறேன். எறக்கித் தூக்கிட்டுப் போயி உள்ள உக்கார வைக்கிறேன்.”

“அவுக என்னையச் சேத்துக்கிட்டா?”

“தெனமும் தூக்கிட்டுப் போறேன்.”

“நாளைக்கு நான் புள்ளைகளுக்குப் பாடம் நடத்துறப்பவும் தூக்கி வச்சிருப்பீகளாண்ணே?”

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. கொல்லையில் பனையோலைத் தட்டி மறைப்புக்குள் ஒரு கல் கிடக்கும். அத்தை அதில் உட்கார்ந்துதான் குளிப்பாள். கட்டைகளைத் தட்டிக்கு வெளியே, கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் சாத்தி வைத்திருப்பாள். அம்மா என்னைச் சைகையால் கூப்பிட்டு அவற்றைக் காட்டினாள். நான் மெல்லப் போய் இரண்டையும் எடுத்தேன். ஓலையில் உரசிவிட்டது.

“யாரு?” என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

அம்மா வாயில் விரல் வைத்தாள். நான் பதில் சொல்லவில்லை. எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் மறந்துவிட்டது. அன்று பேசாமல் இருந்தது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

கட்டைகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து என் தோளில் கொடுத்தார்கள். முன்னால் கொட்டு, பின்னால் பொங்கல் பானைகள், நடுவில் நான். கன்னிப்பிள்ளை சுமந்தால் விசேஷம் என்று சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில். மண்குதிரை செய்கிற வேளார்தான் பூசாரி. அவர் கட்டைகளை வாங்கி, பெரிய குதிரையின் கழுத்தில் சாத்தி, சிவப்புத் துணியால் கட்டினார். இனி இது சாமி சொத்து, மனுசக் கை படக் கூடாது என்று மூன்று தரம் உரக்கச் சொன்னார். பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்ப உச்சிவெயில் ஆகிவிட்டது.

அத்தை அதே கல்லில் உட்கார்ந்திருந்தாள். மாற்றுச்சேலை வீட்டுக்குள் கொடியில் இருந்தது. உடம்பில் சுற்றியிருந்த ஈரச்சேலை உப்புக்காற்றில் பாதி காய்ந்து விறைத்திருந்தது. ஊர் முழுக்கக் கோயிலில் இருந்ததால் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. ஈரச்சேலையோடு மண்ணில் தவழ்ந்து வீட்டுக்குள் வர அவளுக்கு மனம் வரவில்லை.

“சொல்லியிருந்தா மொதல்ல உள்ள தூக்கி வச்சிட்டுப் போயிருப்பமே” என்றாள் அம்மா.

அத்தைக்கு அம்மா சேலை மாற்றிவிட்டாள். அய்யா வந்து தூக்கினார். தூக்கவிட்டாள். அவர் தோளுக்கு மேலே தெரிந்த அவள் முகத்தை நான் பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் அவளைத் தூக்கி வைத்தார்கள், இறக்கி வைத்தார்கள். சாப்பாட்டுக்கு ஒரு இடம், படுக்கைக்கு ஒரு இடம். அம்மா அலுத்துக்கொள்ளாமல் செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். நடுநடுவே “எப்ப நடக்கப் போற?” என்று ஆசையோடு கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மிளகாய் பறிக்கப் போய்விட்டார்கள். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

“கோயிலுக்குப் போறேன். கூட வாரியா?”

“எப்படி அத்தே?”

அவள் அய்யாவின் பழைய டயர் செருப்பை எடுத்துக் கைகளில் மாட்டிக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்ந்தாள். அரை மைல் தூரம். மாசி வெயிலுக்கே மணல் காய்ந்திருந்தது. உடைமுள் எங்கும் கிடந்தது. நான் பின்னாலேயே போனேன். கண்மாய்க் கரை ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. பார்க்கப் பொறுக்காமல் நான் ஓடிப்போய் அவள் மேல்கையைப் பிடித்துத் தூக்கினேன். ஊன்றப்போன கை ஊன்ற வேண்டிய இடத்தில் விழவில்லை. அவள் பக்கவாட்டில் உருண்டு, முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது.

“புடிக்கச் சொன்னேனா?” என்றாள். கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. “ஒங்கையி எப்ப வரும், எப்ப விடும்னு எனக்கு எப்படி புள்ள தெரியும்? நீ தொட்டதாலதான் விழுந்தேன்.”

நான் அழ ஆரம்பித்தேன்.

“அழுகாத. முன்னால போ. முள்ளு கெடந்தா எங்கன கெடக்குன்னு சொல்லு. அது போதும்.”

முன்னால் போனேன். “இங்கன ஒண்ணு, அங்கன ரெண்டு” என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் விலகி விலகி வந்தாள். கோயில் எல்லையில் கைச்செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வெறுங்கையால் தவழ்ந்து பெரிய குதிரையின் காலைப் பிடித்து எழுந்து, சிவப்புத் துணியை அவிழ்த்து, கட்டைகளை எடுத்துக் கக்கத்தில் கொடுத்து நின்றாள். இரண்டு நாளாக அவளை உட்கார்ந்த நிலையிலேயே பார்த்ததில், அவள் அய்யாவைவிட ஒரு விரற்கடை உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மரத்தடியில் மண் மிதித்துக்கொண்டிருந்த பூசாரி பதறி ஓடிவந்தார்.

“தாயி, என்ன காரியம் பண்ற? சாமிக்குக் குடுத்ததாச்சே!”

“யாரு குடுத்தா?”

“ஓம் மதினி.”

“கட்டை அவுகளுதா?”

பூசாரி சாமியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

“சாமிக்கு வேணும்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும், குடுக்கிறேன். நாளைக்கு எனக்கு ராமநாதபுரம் போகணும்.”

பூசாரி கட்டையை வாங்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. மனுசக் கை படக் கூடாது என்று மூன்று தரம் சொன்னவர் அவர்தான். விரதம் இல்லாமல், பூசை இல்லாமல், மண் அப்பிய கையோடு அவரே எப்படித் தொடுவார்? கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “நீயாச்சு, சாமியாச்சு” என்று ஒதுங்கிவிட்டார்.

நாங்கள் ஊருக்குள் வந்தபோது காட்டிலிருந்து திரும்பியிருந்த பெண்கள் வழிவிட்டு இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள். அம்மா களத்திலிருந்து ஓடிவந்தாள். அத்தையைப் பிடிக்க வந்தவள், கட்டைகளில் இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்று அழுதாள். அன்று சாயங்காலம் வீடு கூட்டும்போது, சுவரில் சாத்தியிருந்த கட்டைகள் இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கூட்டினாள். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை அய்யா வண்டி கட்டினார். வழக்கம்போல அவளைத் தூக்கக் குனிந்தவர், கக்கத்துக் கட்டைகளைப் பார்த்துத் தயங்கினார்.

“மாட்டப் புடிச்சுக்கங்கண்ணே. நான் ஏறிக்கிடுதேன்” என்றாள் அத்தை.

ஏற நேரமாயிற்று. ஆனாலும் ஏறினாள். ஆடு கடித்த கடிதத்தைக் காட்டிப் பேசிவிட்டு வந்தாள். சேர்த்துக்கொண்டார்கள். டீச்சராகி முப்பது வருஷம் வேலை பார்த்தாள். மழை பொய்த்த வருஷமெல்லாம் இவளால்தான் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். கட்டையைத் தொடப் பயந்தவர்கள் போகப்போக அவளையும் நெருங்கவில்லை. சாமி சொத்தை எடுத்தவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. தனி வீட்டில், தானே சமைத்துத் தானே சாப்பிட்டாள். அவள் கொடுத்த விலை அது. அதிகம்தான்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து வந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை, அத்தை என்னிடம் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவரச் சொன்னாள். கட்டைகளைத் துடைத்து, மஞ்சள் பூசி, உச்சியிலும் நடுவிலும் பெரிது பெரிதாகக் குங்குமம் வைத்தாள். அடுத்த வெள்ளியும் வைத்தாள். வேலைக்குப் போன ஊர்களிலும் விடவில்லை. பஸ்ஸில் அவள் ஏறும்போது கண்டக்டர் கட்டையை வாங்கி மேலே எறியக் கை நீட்டுவார். குங்குமத்தைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிடுவார். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிட்டே பழக்கமில்லாதவளுக்குச் செய்த தப்பு உறைத்துப் பக்தி வந்துவிட்டது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் வெள்ளிக்கிழமை பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமி இனிக் கோவிக்காதுல்ல அத்தே?” என்று கேட்டேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். குங்குமம் காய்கிறவரைக்கும் சிரித்தாள். என்னத்துக்கு இந்தச் சிரிப்பு என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அதற்குப் பிறகும் வெகுகாலம் விளங்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. மருமகளிடம் கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் கேட்டேன்.

“சாமிக்கா அத்தை?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன். “அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கிற வாக்கரையும் எடுத்துக் கொடு. நீ அதைத் தொடுறது இதுதான் கடைசித் தடவை.”